பன்னிரண்டாவது கொடிக்கம்பம்

சிவசம்பு முப்பத்தொரு வருஷம் அரசாங்கத்தில் கிராணியாக, குமாஸ்தாவாக வேலை பார்த்தவர். அத்தனை வருஷத்தில் ஒரு தப்பான கூட்டல் கிடையாது, ஒரு அழித்தெழுதிய வரி கிடையாது, மேலதிகாரியிடம் ஒரு வசவு வாங்கியது கிடையாது. இது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தெரியும், ஏனென்றால் அவரே சொல்லி வைத்திருந்தார். ஓய்வு பெற்ற பிறகு செமினிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் விடுதிப் பள்ளியில் பதிவாளராகச் சேர்ந்தார். திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறிப் போனால் வெள்ளிக்கிழமை சாயந்தரம்தான் வீடு. அங்கேயும் மாணவர் பதிவேட்டில் அவர் கையெழுத்து அச்சடித்த மாதிரி ஓடும்.

அந்தப் பள்ளியின் பெருமையே அதன் பிள்ளைகள்தான். ஜப்பான், கொரியா, தாய்லாந்து, இந்தோனேசியா, புருனை, பாகிஸ்தான், நேபாளம், மாலைத்தீவு, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா, டென்மார்க், கடைசியில் நம்ம மலேசியா. ஆகப் பன்னிரண்டு நாடு. அப்பன்மார் இன்ஜினியர், தொழிற்சாலை மேனேஜர், தூதரக அதிகாரி என்று ஆளுக்கொரு பக்கம் இருக்க, பிள்ளைகள் ஒரே கூடத்தில் வரிசையாகக் கட்டில் போட்டுத் தூங்கி, ஒருவர் செருப்பை ஒருவர் திருடி, மூன்று மாதத்தில் ஒருவர் பாஷையில் ஒருவர் திட்டக் கற்றுக்கொள்வார்கள். ஜப்பான் பையன் இடியப்பத்தில் சோயா சாஸ் ஊற்றுவான். டென்மார்க் லார்ஸுக்கோ நெத்திலி சம்பல் இல்லாவிட்டால் சோறு இறங்காது. எல்லோருக்கும் சமைத்துப் போட்டது இராஜம்மா.

பள்ளி முதல்வர் மிஸ் மார்க்கிரட் வீரசிங்கம், கல்யாணம் செய்துகொள்ளாமல் பள்ளியையே கட்டிக்கொண்டவர். அவர் அப்பாவும் சிவசம்புவின் அப்பா மாதிரி யாழ்ப்பாணத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவர்தான். பள்ளிக்கு முன்னால் சிமெண்டில் பன்னிரண்டு கொடிக்கம்பம் நட்டு வைத்திருந்தார். 'பன்னிரண்டு நாடு, ஒரே கூரை' என்று வருஷா வருஷம் ஆங்கிலப் பத்திரிகையில் விளம்பரம் வரும். அந்த வரியைப் பார்த்துத்தான் பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதனால் அந்த எண்ணிக்கை சிவசம்புவின் பொறுப்பு.

எண்பத்தாறாம் வருஷம் ஜூன் மாதம் லார்ஸின் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. கேரி தீவில் ஒரு தோட்டத்து மேனேஜர் அவர். பையனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். ஆகஸ்டில் பள்ளி ஆண்டு விழா. ஒரு கம்பம் மொட்டையாக நின்றது.

"மிஸ்டர் சிவசம்பு, பார்க்க நல்லா இல்ல லா," என்றார் மிஸ் மார்க்கிரட். "பல்லு விழுந்த மாதிரி இருக்கு. விஐபி வராங்க, பேப்பர்காரங்க வராங்க. பதினொண்ணுன்னு எண்ண மாட்டாங்களா?"

"புதுசா யாரும் சேரலையே மிஸ்."

"ரெஜிஸ்டரப் பாருங்க. யாராவது இருப்பாங்க."

பதிவேட்டைப் பார்த்தார்கள். பெயர், பிறந்த தேதி, மதம், நாடு. எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தன, ஒன்றைத் தவிர. ஒரு பெயருக்கு நேராக நாடு என்ற கட்டத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி மட்டும் வைத்திருந்தார் சிவசம்பு. காலியாக விட அவருக்கு மனசு வராது. எழுதவும் முடியாமல் அப்படி ஒரு புள்ளி.

"இது யாரு?"

"தவமணி. இராஜம்மா மகள்."

இராஜம்மாவின் புருஷன் ரெங்கசாமி கேரி தீவில் எண்ணெய்ப்பனைக் குலை வெட்டினவர். அவர் செத்த பிறகு இராஜம்மா மகளோடு இந்தச் சமையற்கட்டுக்கு வந்து சேர்ந்தார். வேலையாள் பிள்ளை என்று தவமணிக்குப் படிப்பும் விடுதியும் இலவசம். தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள் அவள். பிறப்பைப் பதிய வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டு வயதில் அடையாள அட்டைக்குப் போனபோது, பத்திரம் இல்லாததால் குடிமக்களுக்கு உள்ள நீல அட்டை தராமல் சிவப்பு அட்டை தந்தார்கள். இந்த நாட்டில் இருக்கலாம், இந்த நாட்டு ஆள் இல்லை என்பது சிவப்பு ஐசி என்கிற அந்த அட்டைக்கு அர்த்தம்.

"அப்ப மலேசியா இல்ல," என்றார் மிஸ் மார்க்கிரட்.

"பேப்பர்ல இல்ல மிஸ்."

"அவ தாத்தா எங்கேருந்து வந்தாரு?"

"இந்தியாதான்."

"பிறகு என்ன. பொய் இல்லையே."

இந்த இடத்தில் சிவசம்பு வாயைத் திறந்திருக்கலாம். தாத்தா வந்த ஊர் வேறு, பேத்தியின் நாடு வேறு என்பது அவருக்குத் தெரியாதா? காகிதத்திலேயே காலம் தள்ளின மனிதர். ஆனால் அவர் மனசுக்குள் ஓடியது வேறு. இது என்ன அரசாங்கக் காகிதமா, பள்ளிக்கூட நோட்டுத்தானே என்று நினைத்தார். தோட்டத்துப் பிள்ளைதானே என்றும் நினைத்தார். அதைத்தான் அவரால் பிற்பாடு யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஒரு டாக்டர் மகளாக, ஒரு சிலோன்காரர் மகளாக இருந்திருந்தால் அந்தப் பேனா அவ்வளவு சுலபமாக இறங்கியிருக்காது. பென்சில் புள்ளியின் மேலேயே நீல மையால் 'இந்தியா' என்று அழகாக எழுதினார்.

எழுதினதோடு விட்டாரா, அதுவும் இல்லை. மஸ்ஜித் இந்தியா தெருப் பக்கம் ஜவுளிக்கடையில் மூவர்ணத் துணி வாங்கிக் கொடி தைத்தார். பூரணத்தின் பட்டுச்சேலை ஒன்றை இரவல் கொண்டுவந்தார். பூரணம் அவர் மனைவி, எதற்கு என்று கேட்டபோது விழா என்று மட்டும் சொன்னார். தவமணியைக் கூப்பிட்டு, நீ இந்தியக் கொடி பிடிக்க வேண்டும் என்றார். பதினைந்து வயதுப் பெண், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை.

"சார், நான் இந்தியாவப் பார்த்ததே இல்ல சார்."

"லார்ஸ் மட்டும் டென்மார்க்கப் பார்த்தானா? அவனும் உங்க தீவுலதானே பொறந்தான்."

"அவன்கிட்ட பாஸ்போர்ட் இருந்துச்சு சார்."

சிவசம்பு மடித்த கொடியை அவள் கையில் வைத்தார். "ஒரு நாளைக்குத்தானே, பிடி," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

விழா ஜோராக நடந்தது. பன்னிரண்டு கொடியும் பறந்தன. மறுநாள் ஆங்கிலப் பத்திரிகையில் படம் வந்தது. எத்தனையோ வெள்ளைக்காரப் பிள்ளை, ஜப்பான் பிள்ளை இருக்க, பட்டுச்சேலையில் நின்ற தவமணியைத்தான் நடுவில் போட்டிருந்தார்கள். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. இராஜம்மாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். படத்தை வெட்டி எடுத்துக் கண்ணாடி போட்டு, சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்த தன் அறையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். ஜெராக்ஸ் நாலைந்து எடுத்துத் தீவில் இருந்த சொந்தக்காரர்களுக்கும் கொடுத்தனுப்பினார். சிவசம்புவுக்கு அன்று தட்டில் மீன் இரண்டு துண்டு கூட விழுந்தது. "எல்லாம் கிராணியய்யா செஞ்சது," என்றார் இராஜம்மா. தோட்டத்தில் கிராணியைக் கூப்பிடுகிற அந்த மரியாதை இராஜம்மாவோடு கூடவே வந்திருந்தது. சிவசம்புவும் மறுக்காமல் சாப்பிட்டார்.

இரண்டு வருஷம் போயிற்று. தவமணி பள்ளி இறுதியான ஐந்தாம் பாரம் நல்லபடியாகத் தேறினாள். அரசாங்க மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்கான தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள், இடமும் கிடைத்தது. ஆனால் ஜூலை முதல் தேதிக்குள் நீல ஐசியைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். குடியுரிமைக்கு முன்னமே மனுப் போட்டிருந்தார்கள். தோட்டத்து மருத்துவச்சியின் கைநாட்டு, பழைய தமிழ்ப் பள்ளியின் கடிதம், இந்தப் பள்ளியின் கடிதம். இந்தப் பள்ளிக் கடிதத்தை சிவசம்புதான் தட்டச்சு செய்து கொடுத்தார். ஆறு வருஷமாக இங்கே படிக்கிறாள் என்று இருந்தது. நாடு என்ற பேச்சையே எடுக்காமல் நாசூக்காகத் தாண்டியிருந்தார். தன் சாமர்த்தியத்தை அவரே கொஞ்சம் மெச்சிக்கொண்டார்.

மே மாதம் இராஜம்மா ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். குடியுரிமை மனு சம்பந்தமாகப் பதிவு அலுவலகத்தில் விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள், பள்ளிப் பதிவேட்டோடு.

"எதுக்கு ரெஜிஸ்டர் கேக்கறாங்க? லெட்டர்தான் கொடுத்தோமே," என்றார் சிவசம்பு.

"தெரியலங்க கிராணியய்யா. எல்லாத்தையும் சரியாத்தான் வச்சேன். பேப்பர்ல வந்த படத்தோட ஜெராக்ஸும் வச்சேன். எம்புள்ள எவ்ளோ பெரிய ஸ்கூல்ல படிக்குதுன்னு அவங்களும் பாக்கட்டும்னு."

சிவசம்புவின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருந்தது என்பது அவருக்கு மனப்பாடம். 'இந்தியாவிலிருந்து வந்து படிக்கும் மாணவி தவமணி.' குடியுரிமை கேட்டுப் போட்ட மனுவுக்குள் அதைத் தாய் தன் கையாலேயே வைத்திருந்தார்.

மிஸ் மார்க்கிரட்டிடம் சொன்னார். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேப்பர்காரன் தப்பா போட்டுட்டான்னு சொல்லுங்க. நம்ம ஸ்கூல் பேர் கெடக்கூடாது, மிஸ்டர் சிவசம்பு. விளம்பரம் பொய்யின்னு ஆயிட்டா ஒரு பேரன்ட்ஸும் வர மாட்டாங்க." பதிவேட்டிலும் அதே வார்த்தை இருக்கிறதே என்று சிவசம்பு கேட்டதற்கு, "அது உங்க கையெழுத்து," என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

விசாரணைக்குத் தாயும் மகளும் கூட வர, பஸ்ஸில் போகும் வழியெல்லாம் சிவசம்பு ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். என் தவறு, நான் எழுதினேன், இந்தப் பெண் இங்கே பிறந்தவள். மூன்றே வாக்கியம். ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தார், மலாயிலும் சொல்லிப் பார்த்தார். இரண்டிலும் நன்றாகத்தான் வந்தது.

விசாரித்த அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. கடுகடுப்பு ஒன்றும் இல்லை. பதிவேட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அழகான கையெழுத்து," என்றார் ஆங்கிலத்தில். "உங்களுடையதா?"

"ஆமாம்."

"அரசாங்கத்தில் இருந்தவரா?"

"முப்பத்தொரு வருஷம்," என்றார் சிவசம்பு. அந்த எண்ணைச் சொன்னதும் முதுகு தானாக நிமிர்ந்தது. வந்தது வினை.

"அப்படியானால் உங்களுக்கே தெரியும். இங்கே இந்தியா என்று எழுதியிருக்கிறது. பத்திரிகையிலும் அதே. இவள் இந்தியாவிலிருந்து வந்தவள் என்றால் எப்போது வந்தாள், பாஸ்போர்ட் எங்கே? இல்லை என்றால், இதை எழுதச் சொன்னது யார்?"

மூன்று வாக்கியமும் தொண்டை வரை வந்தன. அதோடு கூடவே பென்ஷன் வந்தது, பொய்ப் பதிவு என்று ஒரு வழக்கு வந்தது, பிரிக்பீல்ட்ஸ் கோயில் கமிட்டியில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் முகமெல்லாம் வந்தது. எதிரே அதிகாரி பேனாவோடு காத்திருந்தார்.

"மாணவி கொடுத்த தகவல்," என்றார் சிவசம்பு. "அவள் சொன்னபடி எழுதினேன். சின்னப் பிள்ளை, விவரம் தெரியாமல் சொல்லியிருப்பாள்."

நாக்கு அத்தனை சுலபமாகப் புரளும் என்று அவர் நினைக்கவே இல்லை. இராஜம்மா ஒன்றும் புரியாமல், கிராணியய்யா ஆங்கிலத்தில் எவ்வளவு சரளமாகப் பேசுகிறார் என்ற பெருமையோடு உட்கார்ந்திருந்தார். தவமணிக்குப் புரிந்தது. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். கணக்கில் விடை எப்படி வந்தது என்று யோசிக்கிற பிள்ளை மாதிரி ஒரு நிமிஷம் பார்த்தாள். அம்மாவின் வேலை யார் கையில், தங்கியிருக்கும் அறை யார் கொடுத்தது என்பதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் அவள் கூட்டிக் கழித்திருக்க வேண்டும்.

"ஆமாம் மேடம்," என்றாள் ஆங்கிலத்தில். "என் தப்புதான்."

அப்படியானால் தவறான தகவல் கொடுத்தேன் என்று சத்தியப் பத்திரம் எழுதி அவள் கையெழுத்துப் போட வேண்டும், மனு மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்கும் என்றார் அதிகாரி. ஜூலைக்குள் முடியுமா என்று தவமணி கேட்டாள். முடியாது என்றார். தெருமுனையில் இருந்த சத்தியப்பிரமாண ஆணையரிடம் போய் அன்றே கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்ததும் இராஜம்மா சிவசம்புவைக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க இல்லாட்டி நாங்க என்னங்க பேசியிருப்போம் கிராணியய்யா," என்றார். சிவசம்பு பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. பூரணம் துருவித் துருவிக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள்.

"உங்கட அப்பாவும்தான் கப்பல்ல வந்தவர்," என்றாள். "உங்கட பேருக்கு நேர ஆராவது சிலோன் எண்டு எழுதினவையோ? எழுதியிருந்தா விட்டிருப்பியளோ? அந்தப் பிள்ளைக்கு என்ர சீலையைத்தானே உடுத்தி விட்டனீங்கள்."

சிவசம்பு எழுந்து போய்க் கை கழுவினார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். இந்தியா என்று எழுதியது நானே, காலிக் கம்பத்தை நிரப்ப எழுதினேன், மாணவி ஏதும் அறியாள். கீழே கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகாமல் நேரே அந்த அலுவலகத்துக்குப் போனார்.

அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு கோப்பைத் திறந்து தவமணியின் சத்தியப் பத்திரத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"அங்கிள்," என்றார் மெதுவாக. "இது உண்மை என்றால் அது பொய். சத்தியம் செய்து பொய் எழுதிக் கொடுத்த பெண்ணுக்கு யார் குடியுரிமை கொடுப்பார்கள்? எதை நான் கோப்பில் வைக்க?"

சிவசம்பு இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவளைக் காப்பாற்ற இனி அவருடைய பொய்தான் வேண்டியிருந்தது. தன் கடிதத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அதிகாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை முதல் தேதி வந்தது, போயிற்று. தாதிப் பயிற்சி இடம் யாருக்கோ போயிற்று. தவமணி அம்மாவோடு சமையற்கட்டில் வெங்காயம் உரித்தாள், பதினோரு நாட்டுப் பிள்ளைகளுக்கு இடியப்பம் பிழிந்தாள். அந்த வருஷ விழாவில் ஒரு கம்பம் காலியாகவே நின்றது, கொடி நைந்துவிட்டது என்று சிவசம்பு சொல்லிவிட்டார். அவரைப் பார்த்தால் அவள் எப்போதும் போல, "சார், டீ வேணுமா?" என்பாள். ஒரு நாள் முகத்தைத் திருப்பியிருந்தால் அவருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அறையில் பிஸ்கட்டைத் தின்று படுத்த நாள் நிறைய.

தொண்ணூறாம் வருஷம் ஜனவரியில் நீல ஐசி வந்தது. இராஜம்மா அட்டையை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்து வந்து அவர் மேசைமேல் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை தன் அறையில் வந்து சாப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சிவசம்பு தலைவலி, பூரணத்துக்குக் காய்ச்சல், கோயில் கூட்டம் என்று மூன்று சாக்குச் சொல்லிப் பார்த்தார். "எம்புள்ள மறுபடி நர்ஸுக்கு எழுதிப் போடப் போவுதுங்க. நீங்க கை நனைக்காம எப்படிங்க கிராணியய்யா," என்றார் இராஜம்மா.

போனார். சின்ன அறை, தரையில் பாய், வாழை இலை. கோழிக்குழம்பு, ரசம், பாயசம். இலைக்கு நேர் எதிரே சுவரில் அந்தப் படம். கண்ணாடியின் மேல் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். தவமணி வாசல்படியில் நின்றாள்.

"கிராணியய்யா," என்றார் இராஜம்மா, சோற்றுக் கரண்டியோடு. "ரொம்ப நாளா கேக்கணும்னு. அந்தப் படத்துக்குக் கீழ என்னங்க போட்டிருக்கு? தவத்தக் கேட்டா, நல்லாத்தாம்மா எழுதியிருக்காங்கன்னு சொல்லுது. வார்த்தைக்கு வார்த்தை நீங்க படிச்சுச் சொல்லுங்க."

தவமணி அவரைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். வேண்டாம் சார் என்று சொல்கிற தலையாட்டல். இவள் இத்தனை நாள் தன் தாயிடம்கூட அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது சிவசம்புவுக்கு அப்போதுதான் உறைத்தது. பாராட்டி நாலு வார்த்தை சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போயிருக்கலாம், அட்டைதான் கைக்கு வந்துவிட்டதே. இன்னொரு முறை அவள் பின்னால் ஒளிந்துகொள்ள அவரால் முடியவில்லை.

"இந்தியாவுலருந்து வந்து படிக்கிற மாணவி தவமணின்னு போட்டிருக்கு," என்றார். "பொய் அது. ரெஜிஸ்டர்ல அப்படி எழுதினது நான். கம்பம் காலியா இருந்துச்சுன்னு எழுதினேன். அன்னைக்கு ஆபீஸ்ல அவங்க கேட்டப்ப, இவதான் சொன்னான்னு இவ தலையில போட்டுட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல வீணாப் போனது அதனாலதான்."

இராஜம்மா அசையவில்லை. கரண்டியிலிருந்து ஆவி மட்டும் போய்க்கொண்டிருந்தது. மகளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அப்புறம் இலைக்கு முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்தார்.

"அப்ப அன்னைக்கு எம்புள்ள கையெழுத்துப் போட்டது?"

"நான் செஞ்சதுக்கு."

அழுவார் என்று நினைத்தார் சிவசம்பு. திட்டினால் தேவலை என்று நினைத்தார், எழுந்து போகச் சொன்னால் போய்விடத் தயாராக இருந்தார். இராஜம்மா குனிந்து, இலையில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றினார். வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"சாப்பிடுங்க," என்றார்.

எட்டு வருஷமாக இராஜம்மா அவரிடம் பேசிய எந்தப் பேச்சும் கிராணியய்யா என்ற சொல் இல்லாமல் முடிந்ததில்லை. சிவசம்பு அதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அது வரவில்லை. இராஜம்மா சுவரிலிருந்த படத்தைக் கழற்றி முகம் உள்பக்கம் இருக்கும்படி சாய்த்து வைத்துவிட்டு, பாயசம் எடுத்து வர அடுப்பங்கரைக்குப் போனார். சிவசம்பு தலை நிமிராமல் இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.